சிறையும் பெருந்தொற்றும்: கைதிகள் விடுவிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில் இந்தியச் சிறைகளில் இருந்து ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏன் அனுப்பினார்கள், யாரை விட்டார்கள், யாரை விடவில்லை, போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் இன்னும் பலருக்குக் குழப்பமாகவே இருக்கிறது. கைதிகளின் குடும்பத்தார் கேட்பவை, சிறைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்கள் கேட்பவை என இரண்டு வகைக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கைதிகளை விடுவிப்பது என்பது யார் எடுத்த முடிவு?

உச்ச நீதிமன்றம் தொடங்கி வைத்தது. 2020 மார்ச் 16 அன்று, யாரும் மனுப் போடாமலேயே, சிறைகளில் கொரோனா பரவும் ஆபத்து பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு மார்ச் 23 அன்று ஓர் ஆணை போட்டது. மறுநாள் இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு மாநிலமும் ஓர் உயர்மட்டக் குழு அமைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர், உள்துறை அல்லது சிறைத்துறையின் முதன்மைச் செயலாளர், சிறைத்துறைத் தலைவர் ஆகிய மூவரும் அதில் இருப்பார்கள். யாரை, எத்தனை நாளைக்கு விடலாம் என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். ஏழு ஆண்டு வரை தண்டனை தரக்கூடிய குற்றங்களில் சிக்கியவர்களைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் சொன்னது. பெரும்பாலான மாநிலங்கள் அந்த உதாரணத்தையே விதியாக எடுத்துக்கொண்டன. அதனால் வந்த சங்கடத்தைக் கீழே பார்ப்போம்.

இதில் கட்டாயம் ஏதும் இல்லை. எல்லாரையும் விட்டே ஆக வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்பதை நீதிமன்றம் 2020 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. தொற்று உள்ளவரை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது, விடுவிக்கப்பட்டவர் ஊர் போய்ச் சேர வண்டி வசதி செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. பஸ்ஸும் ரயிலும் ஓடாத நாட்களில் ஒருவரைச் சிறை வாசலில் விட்டுவிட்டால் அவர் எங்கே போவார்?

சிறைதான் பூட்டிய இடமாயிற்றே, வெளியே இருப்பதைவிட உள்ளே பாதுகாப்பு அதிகம் இல்லையா?

இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள். வெளியே நமக்கெல்லாம் சொன்னது என்ன? ஆறடி தள்ளி நில், கையைக் கழுவு, காற்றோட்டமான இடத்தில் இரு. சிறையில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். மாலை ஆறு மணி வாக்கில் லாக்கப். விடிந்த பிறகுதான் கதவு திறக்கும். நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரமும் நீளமான ஒரே அறையில், பக்கத்தில் படுத்தவரின் முழங்கை நம் மேல் படுகிற தூரத்தில்தான் படுக்கை. ஒரு மூலையில் அத்தனை பேருக்கும் பொதுவான கழிப்பறை. காலையில் கஞ்சிக்கு வரிசை, குளிக்கத் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். இருமுகிற ஆளிடமிருந்து தள்ளிப் படுக்க இடம் இருந்தால்தானே?

கதவு கைதிக்குத்தான் பூட்டியிருக்கிறது, கிருமிக்குத் திறந்தே இருக்கிறது. வார்டர்கள் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறார்கள். அரிசி, காய்கறி வண்டி வருகிறது. புதிதாக ரிமாண்ட் ஆனவர்கள் ஒவ்வொரு நாளும் வருகிறார்கள். இருப்பவர்களிலும் காசநோய், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் நிறைய. ஒரு கைதியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் முதலில் வழிக்காவலுக்கு ஆயுதப்படை போலீஸ் கிடைக்க வேண்டும். ஊரடங்கில் அந்தப் போலீஸ் எல்லாம் ரோட்டில் தடுப்பு வைத்து நின்றுகொண்டிருந்தது.

மும்பை ஆர்தர் ரோடு சிறையின் கொள்ளளவு சுமார் 800. தொற்று வந்தபோது அங்கே இருந்தவர்கள் 2,500-க்கும் மேல். 2020 மே முதல் வாரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தொற்று உறுதியானது. அதன்பின் சில நாட்களிலேயே மகாராஷ்டிர உயர்மட்டக் குழு, மாநிலச் சிறைகளில் இருந்த சுமார் 35,000 பேரில் ஏறக்குறைய பாதியை விடுவிக்க முடிவெடுத்தது. அதுவரை இழுத்துக்கொண்டிருந்த முடிவு அது.

இந்தியச் சிறைகளில் நெரிசல் எவ்வளவு?

உச்ச நீதிமன்றம் தன் ஆணையிலேயே கணக்கைச் சொன்னது. 1,339 சிறைகளில் 4,66,084 பேர். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் சராசரியாக 117.6 பேர். உத்தரப் பிரதேசத்தில் அது 176.5. முதலாவது நாட்டின் சராசரி, இரண்டாவது மாநிலச் சராசரி. சராசரி என்பது நெரிசல் இல்லாத திறந்தவெளிச் சிறையையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. ஆகவே பல தனிச்சிறைகளில் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும்.

இவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

விடுவித்தார்கள் என்றால் தண்டனை ரத்தாகிவிட்டதா?

இல்லவே இல்லை. விசாரணைக் கைதிக்குக் கிடைத்தது இடைக்கால ஜாமீன். வழக்கு அப்படியே இருக்கும், குறித்த தேதியில் திரும்பச் சரணடைய வேண்டும். தண்டனைக் கைதிக்குக் கிடைத்தது பரோல். தமிழ்நாட்டில் இதற்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி தருவது சாதாரண விடுப்பு அல்லது அவசர விடுப்பு. நாம் பேச்சில் எல்லாவற்றையும் பரோல் என்றே சொல்லிவிடுகிறோம்.

தண்டனைக் காலத்தையே குறைத்து நிரந்தரமாக அனுப்புவது வேறு. அண்ணா பிறந்தநாளை ஒட்டி நீண்டகாலச் சிறைவாசிகளை விடுவிக்கிறார்களே, அது இந்த வகை. அதற்கும் கொரோனாவுக்கும் தொடர்பில்லை.

பரோலில் வீட்டில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியுமா?

பலரும் கழியும் என்று நம்பியிருந்தார்கள். 2023-இல் ஹரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கழியாது என்று சொல்லிவிட்டது. கொரோனா சிறப்புப் பரோலில் வெளியே இருந்த காலத்தை உண்மையாகச் சிறையில் கழித்த காலமாகக் கணக்கிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. நெரிசலைக் குறைக்க அரசுதான் அனுப்பியது, அவர்கள் கேட்டு வாங்கிப் போகவில்லை. அதை நினைக்கும்போது இந்தத் தீர்ப்பு கடுமையாகத்தான் தெரிகிறது.

யாரையெல்லாம் விடவில்லை?

பெரும்பாலான மாநிலங்களில் குற்றப் பிரிவைப் பார்த்தே பட்டியல் போட்டார்கள். கொலை, பாலியல் வன்முறை, போக்சோ, போதைப்பொருள், ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் வாசலிலேயே கழிக்கப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தில் இப்படிப் பிரித்தது சரிதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குழுவின் முடிவில் தலையிட முடியாது என்று 2020 செப்டம்பரில் முடிந்தது.

பெண்களையும் குழந்தைகளையும் பாதிக்கும் குற்றங்களில் எச்சரிக்கையாக இருப்பது நியாயமே. ஆனால் கிருமி எந்தச் சட்டப் பிரிவையும் பார்த்து வருவதில்லை. 25 வயதுத் திருட்டு வழக்குக்காரர் வெளியே போனார். 80 தாண்டிய நோயாளி ஊபா என்பதால் உள்ளேயே இருந்தார். வயது, நோய், உடல்நிலை ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வழக்கைப் பார்த்திருக்க வேண்டும். உயர்மட்டக் குழுக்கள் செய்த பெரிய பிழை இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஸ்டேன் சுவாமி விஷயத்தில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் அவர். ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பல்லாண்டுகள் வேலை செய்தார். விசாரணையே இல்லாமல் சிறையில் வாடும் பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். 2018-இல் மகாராஷ்டிரத்தில் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் அவரைக் கைது செய்து மும்பைக்குக் கொண்டுபோனது. பிறகு நவி மும்பை தலோஜா சிறை. அப்போது வயது 83, பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது.

உறிஞ்சுகுழல் வைத்த குவளை ஒன்று வேண்டும் என்று நவம்பர் தொடக்கத்தில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். கைது செய்தபோது எடுத்த தன் குவளையைத் திருப்பித் தரும்படிதான் கேட்டார். பதில் சொல்ல முகமை இருபது நாள் அவகாசம் வாங்கியது. பிறகு அப்படி எதையும் தாங்கள் எடுக்கவில்லை என்றது. நாடெங்கும் இருந்து மக்கள் சிறை முகவரிக்குக் குவளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு குவளை பெற இத்தனை வாரம் ஆகும் இடத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கினால் யார் பார்ப்பார்கள் என்று அன்றைக்கே பலரும் கவலைப்பட்டார்கள்.

கொரோனாவைக் காட்டிக் கேட்ட ஜாமீனும், பிறகு உடல்நிலையைச் சொல்லிக் கேட்ட ஜாமீனும் மறுக்கப்பட்டன. 2021 மே 21 அன்று காணொலி வழியாக பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் அவரே பேசினார். சிறைக்கு வந்தபோது தானே நடந்ததையும், தானே சாப்பிட்டதையும், இப்போது எதுவும் முடியாமல் போனதையும் சொன்னார். அரசு மருத்துவமனை வேண்டாம், இடைக்கால ஜாமீன் தாருங்கள், என் மக்களோடு இருக்க விரும்புகிறேன் என்பதே அவர் கேட்டது. அந்த மாத இறுதியில் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற நீதிமன்றம் அனுமதித்தது. அங்கே போன பிறகுதான் கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலை 5 அன்று, அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நேரத்தில், இறந்துவிட்டார் என்ற செய்தியை மருத்துவர் நீதிமன்றத்தில் சொன்னார். வழக்கில் விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சிறைகளில் நிலைமை எப்படி இருந்தது?

வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் நெரிசல் குறைவு. மொத்தக் கொள்ளளவைவிடக் கைதிகள் குறைவாகவே இருந்தார்கள். புழலில் தொடங்கி பாளையங்கோட்டை வரை ஒன்பது மத்தியச் சிறைகள், பெண்கள் தனிச்சிறைகள், மாவட்டச் சிறைகள், ஏராளமான கிளைச்சிறைகள் என இடம் பரந்து கிடப்பது இங்கே கைகொடுத்தது. புதிதாக ரிமாண்ட் ஆகிறவர்களை முதலில் குறிப்பிட்ட சில சிறைகளில் தனியாக வைத்துவிட்டுப் பிறகே மத்தியச் சிறைக்கு மாற்றினார்கள். சிறைத் தையற்கூடங்களில் கைதிகள் முகக்கவசம் தைத்து வெளியே அனுப்பினார்கள்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. விசாரணையே இல்லாமல் தடுப்புக்காவலில் வைக்கப்படுவோர் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம் போட்டால் ஓராண்டு வரை உள்ளேதான். அதற்கு ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. ஆகவே இடைக்கால ஜாமீன் திட்டத்தால் அவர்களுக்குப் பெரிதாகப் பயன் ஒன்றும் விளையவில்லை.

விடுப்பு என்ற வழியில் பலரும் அறிந்த உதாரணம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த பேரறிவாளன். தாயார் அற்புதம்மாள், மகனின் உடல்நிலையையும் சிறையில் கொரோனா ஆபத்தையும் சொல்லி முறையிட்டார். 2021 மே மாதம் மாநில அரசு முப்பது நாள் விடுப்பு தந்தது. அது மாதா மாதம் நீண்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, மே 18 அன்று விடுதலையே செய்தது.

அப்போது மனு பார்க்க முடியாமல் போனதே, அதற்கு மாற்று ஏற்பாடு இருந்ததா?

வெளியூர் வாசகர்களுக்காக: தமிழ்நாட்டில் சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதைத்தான் மனு பார்ப்பது என்பார்கள். 2020 மார்ச்சில் அது நின்றது. பிறகு சிறைக்குள் செல்போன் வைத்து, அதிகாரி முன்னிலையில் வீடியோ காலில் குடும்பத்தோடு பேச வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத அம்மா என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கி, அவன் முன்னாலேயே மகனோடு பேசினார்.

இன்னொரு பாதிப்பும் வந்தது. மனு பார்க்க வருகிறவர்கள் கட்டுகிற பணத்தில்தான் பலர் சிறை கேன்டீனில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குகிறார்கள். ஆள் வரவில்லை என்றால் சோப்பு இல்லை. கை கழுவச் சொன்ன நாட்களில் நடந்தது இது. அடி விழுந்திருந்தாலும், உடம்பு இளைத்திருந்தாலும், குடும்பம் நேரில் பார்த்தால்தான் வெளியே தெரியும். அந்தக் கண் மாதக்கணக்கில் இல்லாமல் போனதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தந்தது.

ஊரடங்கால் போலீஸ் குற்றப்பத்திரிகை போடத் தாமதமானால், கைதியும் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இதற்குச் சட்டம் சொல்லித் தந்ததே நம் மதுரை மாவட்ட வழக்கு ஒன்றுதான். குறித்த 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் எழுபது நாளுக்கு மேலாகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. ஆனால் கொரோனாவால் எல்லாக் கால வரம்பையும் உச்ச நீதிமன்றம் நீட்டித்திருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஜாமீன் மறுக்கப்பட்டது. அதே கிளையில் வேறொரு நீதிபதி சில நாட்களுக்கு முன்புதான் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தார்.

2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் விஷயத்தை முடித்து வைத்தது. மனுதாரர்களின் வசதிக்காக நீட்டித்த கால வரம்பைக் காட்டி ஒருவரைக் கூடுதல் நாள் சிறையில் வைக்க முடியாது, ஊரடங்கு வந்தாலும் தனிமனித உரிமை நிற்கும் என்றது. சிறையில் இருக்கும் எத்தனையோ பேருக்கு இந்தத் தீர்ப்பு கதவைத் திறந்தது.

விடுவிப்பதைவிட, கைது செய்வதையே குறைத்திருக்கலாமே?

சரியான கேள்வி. ஒரு பக்கம் ஆட்களை வெளியே விட்டுக்கொண்டே, மறுபக்கம் ஊரடங்கை மீறினார்கள் என்று உள்ளே தள்ளினால் நெரிசல் எப்படிக் குறையும்? ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே தீர்ப்பு இருக்கிறது. இரண்டாம் அலையில், 2021 மே 7 அன்று, தலைமை நீதிபதி என்.வி. ரமணா அமர்வு அதை மறுபடி நினைவூட்ட வேண்டியிருந்தது.

சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூன் 19. செல்போன் கடையை ஊரடங்கு நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப்போனது. இரவெல்லாம் காவல் நிலையம், மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச்சிறை. மூன்று நாளில் மகனும், சில மணி நேரம் கழித்து அப்பாவும் மருத்துவமனையில் இறந்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போய், போலீஸார் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. அந்த ஜூன் மாதத்தில் ஒரு கடைக்காரரை ரிமாண்ட் செய்ய என்ன அவசியம் இருந்தது? ரத்தக் காயத்தோடு நின்றவர்களை ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் நேரில் நன்றாகப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் இருவரும் பிழைத்திருக்கக்கூடும்.

ஜாமீன் கிடைத்தும் பலர் உள்ளேயே இருந்தார்களாமே?

ஆமாம், இன்றும் இருக்கிறார்கள். இரண்டு பேர் ஜாமீன்தாரர்கள், சொத்து ஆவணம், தாசில்தார் சான்று என்று கேட்டால், பிழைக்க வந்த ஊரில் பிடிபட்ட வடமாநிலத் தொழிலாளி எங்கே போவார்? கொரோனாவில் தாலுகா அலுவலகமே பூட்டிக் கிடந்தது. சில இடங்களில் சொந்தப் பிணைப் பத்திரம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அங்கெல்லாம் வேலை மளமளவென்று நடந்தது.

2021 ஜூலையில் இன்னொன்று வெளியே வந்தது. உச்ச நீதிமன்றமே இடைக்கால ஜாமீன் கொடுத்தும், ஆணை கைக்கு வரவில்லை என்று ஆக்ரா சிறையில் 13 பேரை நாள் கணக்கில் விடாமல் வைத்திருந்தார்கள். அதன்பிறகுதான் நீதிமன்ற ஆணைகளைச் சிறைக்கு நேரடியாக மின்னணு வழியில் அனுப்பும் ஏற்பாடு வந்தது.

வெளியே போக மாட்டேன் என்று சொன்ன கைதிகள் உண்டா?

உண்டு. வீடு இல்லாதவர்கள், ஊரில் பகை உள்ளவர்கள், வெளியே போனால் தொற்று வரும் என்று பயந்தவர்கள். விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம் என்று 2021 மே ஆணையே சொல்கிறது.

போனவர்கள் திரும்பி வந்தார்களா?

எல்லாரும் வரவில்லை. டெல்லி திகார் சிறையில் இருந்து முதல் அலையில் போன 6,700-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேர் குறித்த தேதியில் திரும்பவில்லை என்று 2021 ஏப்ரலில் செய்தி வந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது எந்த மாதம் என்று பாருங்கள். இரண்டாம் அலையில் டெல்லி ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருந்த மாதம். சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் அந்த அலைக்குள்தான் நுழைந்தார்கள். அடுத்த மாதமே மறுபடி எல்லாரையும் அனுப்ப வேண்டியதாயிற்று.

கடைசியாக 2023 மார்ச் 24 அன்று, எல்லாரும் 15 நாளுக்குள் சரணடைய வேண்டும், பிறகு வழக்கமான ஜாமீனுக்கு மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று ஆண்டு வெளியே இருந்து, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, எந்த வம்புக்கும் போகாமல் இருந்தவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பப் போனார்கள். அப்படி இருந்தவரை ஏன் மறுபடி உள்ளே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆளாகப் பார்த்து முடிவு செய்திருக்கலாம்.

இலங்கையில் என்ன நடந்தது?

மிகவும் வருத்தமானது. 2020 மார்ச் 21 அன்று அநுராதபுரம் சிறையில் கொரோனா பயத்தில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் இறந்தார்கள். நவம்பர் 29 அன்று கம்பஹா மாவட்டம் மஹர சிறையில் அதைவிடப் பெரிதாக நடந்தது. கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள், உள்ளே பரவும் தொற்று. எங்களுக்குச் சோதனை எடுங்கள், தொற்று உள்ளவர்களைப் பிரித்து வையுங்கள் என்று கைதிகள் கேட்டதில் இருந்துதான் பதற்றம் தொடங்கியது. 11 பேர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அநுராதபுரத்தில் சுட்ட அதே வாரத்தில், மார்ச் 26 அன்று, ஒருவர் வெளியே வந்தார். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்க. உச்ச நீதிமன்றம் 2019-இல் தண்டனையை உறுதி செய்திருந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்புக் கொடுத்தார். இதற்கும் நெரிசலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரடங்கில் மக்கள் தெருவுக்கு வர முடியாத நேரத்தில் நடந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பத்து, பதினைந்து ஆண்டாகக் கிடந்த தமிழ்க் கைதிகளின் பெற்றோர் அன்று அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன?

ஈரான் 2020 மார்ச்சிலேயே பல்லாயிரம் பேரைத் தற்காலிகமாக விட்டது. துருக்கி ஏப்ரலில் சட்டமே போட்டது. பத்திரிகையாளர்களும் அரசியல் கைதிகளும் அதில் சேர்க்கப்படவில்லை. கொலம்பியாவின் போகோட்டா லா மொடேலோ சிறைக் கலவரத்தில் 23 கைதிகள் இறந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறை ஒரு பாடம். 2020 மே இறுதி வரை அங்கே தொற்று இல்லை. தொற்று பரவியிருந்த இன்னொரு சிறையில் இருந்து, காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பலருக்குச் சோதனை எடுத்தே வாரக்கணக்காகியிருந்தது. சில மாதங்களில் 2,200 பேருக்கு மேல் தொற்று. 28 கைதிகளும் ஓர் ஊழியரும் இறந்தார்கள். விடுவிப்பதற்குப் பதிலாக இடம் மாற்றுகிறோம் என்று சொல்லும் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும்.

குற்றம் செய்தவர்களுக்காக ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

பாதிக்கப்பட்ட குடும்பம் இதைக் கேட்டால் அந்த வலி நியாயமானது. ஒருவரை விடுவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்குத் தகவல் சொல்வதும், தேவைப்பட்டால் பாதுகாப்புத் தருவதும் அரசின் கடமை. கொரோனாவில் அது பல இடங்களில் நடக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் விதிப்பது சிறைத் தண்டனை. அதற்குமேல் நோயும் மூச்சுத்திணறலும் தண்டனையின் பகுதி ஆகாது. வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள்.

அதோடு, சிறையில் வந்தது சிறையோடு நிற்பதும் இல்லை. 1750-இல் லண்டன் நியூகேட் சிறையில் இருந்து விசாரணைக்குக் கொண்டுவந்த கைதிகள் மூலம் நீதிமன்றத்தில் டைஃபஸ் காய்ச்சல் பரவி, நீதிபதிகளும் லண்டன் மேயரும் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வார்டர் வீட்டுக்குப் போகிறார், அவர் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கு வருகிறார்கள்.

இத்தனை பேரை விட்டார்களே, நெரிசல் குறைந்ததா?

2020 நடுவில் குறைந்தது, நிலைக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2019 இறுதியில் 4,78,600 ஆக இருந்த கைதிகள் 2020 இறுதியில் 4,88,511 ஆனார்கள். 2021 இறுதியில் 5,54,034. நெரிசல் 130 சதவீதம். விசாரணைக் கைதிகளின் பங்கு 69 சதவீதத்தில் இருந்து 77-க்கு ஏறியது. நீதிமன்றங்கள் முழுதாக இயங்கவில்லை, வழக்குகள் முடியவில்லை, கைதுகள் மட்டும் நிற்கவில்லை. கொரோனாவுக்கு முன் இருந்ததைவிட அதிகமானோர், குற்றம் நிரூபிக்கப்படாமலே இன்று உள்ளே இருக்கிறார்கள்.

என் தம்பி இப்போது விசாரணைக் கைதியாக இருக்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் கைதான தேதியைக் குறித்து வையுங்கள். 60 அல்லது 90 நாள் கணக்கை வக்கீல் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே ஜாமீன் மனு போயிருக்க வேண்டும். அப்புறம், 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆம் பிரிவு. முதல் தடவை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீன் கேட்கலாம், மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அனுப்பிவிட்டாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

தம்பிக்கு ஆஸ்துமா, சர்க்கரை, காசநோய் என்று ஏதாவது இருந்தால், பழைய மருந்துச் சீட்டு, மருத்துவமனைச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துச் சிறை மருத்துவருக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுத்து வையுங்கள். கொரோனாவில் பலருக்கு ஜாமீன் தள்ளிப்போனதற்குக் காரணம், நோய் இருப்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாததுதான். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்குள் ஆள் வெளியே வரவில்லை என்றால் அதே ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட அவர்கள் உதவ வேண்டும்.